பேலா பார்டோக்கை மாற்றிய பாடல்கள்



இசை மனிதரைப் பண்படுத்தும் என்பது பட்டமளிப்பு மேடைகளில் எளிதாகச் சொல்லப்பட்டு எளிதாகக் கைதட்டலும் பெறும் கூற்று. வரலாறு அதை அப்படியே ஏற்பதில்லை. வாக்னரின் இசை நாடகங்களில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்த ஹிட்லரை அந்த ஈடுபாடு எவ்விதத்திலும் பண்படுத்தவில்லை என்பதும், அவருடைய ஆட்சி சிறந்த இசைக்குழுக்களைப் பேணிக்கொண்டே பேரழிவுகளை நிகழ்த்தியது என்பதும் யாவரும் அறிந்தவை. ஆகவே, இசை ஒருவருடைய வாழ்வையும் உலக நோக்கையும் மாற்றியது என்று சொல்லப்படும்போது, எந்த இசை, எவ்வாறு கேட்கப்பட்டு, எதை மாற்றியது என்று வினவுவதே கற்றோர்க்கு அழகு. அவ்வினாவுக்குத் தெளிவான விடை தரும் வாழ்வு ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக்குடையது. இருபத்திரண்டு வயதில் கடும் இனப்பற்றாளராக இருந்த அவர், ஐம்பது வயதை நெருங்கும்போது, மக்களினங்கள் உடன்பிறப்புகளாக வாழவேண்டும் என்னும் கருத்தே தம் படைப்புகளை இயக்குவது என்று எழுதினார். இடைப்பட்ட காலத்தில் அவர் செய்தது, சிற்றூர்ப் பெண்களும் உழவர்களும் பாடிய பல்லாயிரம் பாடல்களைக் கேட்டு, சுரம் சுரமாக எழுதி, ஒன்றோடொன்று ஒப்பிட்ட வேலை. அந்த வேலை முதலில் குலைத்தது அவர் தாமே கொண்டிருந்த முடிவுகளைத்தான்.

பார்டோக் 1881 மார்ச் 25 அன்று, அன்றைய ஹங்கேரியின் தென்கிழக்கிலிருந்த நாஜ்சென்ட்மிக்லோஷ் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று ருமேனியாவில் உள்ளது. வேளாண் பள்ளித் தலைவராக இருந்த தந்தை 1888இல் இறந்தபின், ஆசிரியப் பணியை மேற்கொண்ட தாய் பவுலா பிள்ளைகளோடு ஊர் ஊராக இடம்பெயர நேர்ந்தது. அவ்வாறு அவர்கள் வாழ்ந்த நாஜ்சூலோஷ் இன்று உக்ரைனில் இருக்கிறது. பார்டோக் பள்ளிப்படிப்பை முடித்த போஜோன், பிராட்டிஸ்லாவா என்ற பெயருடன் இன்று ஸ்லோவாக்கியாவின் தலைநகரமாக விளங்குகிறது. அவருடைய இளமை முழுவதும் ஒரே நாட்டுக்குள் கழிந்தது. அந்த இளமையின் ஊர்கள் பின்னர் வெவ்வேறு நாடுகளுக்கு உரியவை ஆயின.

1899 முதல் 1903 வரை புடாபெஸ்ட் இசைக்கழகத்தில் அவர் பயின்ற காலத்தில், வியன்னாவிலிருந்து ஆண்ட பேரரசரின் கீழ் ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் இணைந்திருந்த இரட்டை முடியாட்சிக்கு எதிரான உணர்வு ஹங்கேரிய இளைஞர்களிடையே ஓங்கியிருந்தது. பார்டோக் ஹங்கேரியப் பாணி உடை அணிந்தார். வீட்டில் ஜெர்மன் பேசுவதை விட்டு ஹங்கேரிய மொழியிலேயே பேசவேண்டும் என்று குடும்பத்தினரை வற்புறுத்தினார். தம் வாழ்நாள் முழுவதும் ஹங்கேரிய நாட்டின் நன்மை ஒன்றையே நோக்கமாகக் கொள்ளப்போவதாக 1903இல் தாய்க்கு எழுதினார். அதே ஆண்டில், 1848ஆம் ஆண்டுப் புரட்சியின் தலைவர் லாயோஷ் கோஷுத்தைப் போற்றி ஒரு பெரும் இசைப்படைப்பை இயற்றி, அதில் ஆஸ்திரிய அரசு வாழ்த்தைக் கேலியாகத் திரித்து அமைத்தார். 1904 ஜனவரியில் அது அரங்கேறுவதற்கு முன், இசைக்குழுவிலிருந்த ஆஸ்திரியக் கலைஞர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆயினும் ஜெர்மானியரின் ஆதிக்கத்தை எதிர்த்த அப்படைப்பின் இசைமொழி, ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் என்னும் ஜெர்மானியரிடமிருந்தே பெறப்பட்டது. வியன்னாவின் ஆதிக்கத்தைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்ட அன்றைய ஹங்கேரியின் மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ருமேனியர், ஸ்லோவாக்கியர் போன்ற பிற இனத்தவர் என்பதும், அவர்கள்மீது ஹங்கேரிய மொழி திணிக்கப்பட்டு வந்தது என்பதும் அந்நாளைய பார்டோக்கின் கவனத்தில் இருந்ததாகத் தெரியவில்லை.

அக்காலத்தில் உலகம் ஹங்கேரிய இசை என்று அறிந்திருந்தது, ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் ஹங்கேரிய ராப்சோடிகளாலும் பிராம்ஸின் ஹங்கேரிய நடனங்களாலும் புகழ்பெற்ற நகர்ப்புற இசை. உணவகங்களிலும் காப்பிக் கடைகளிலும் ரோமா இனத்து வயலின் குழுக்கள் வாசித்துவந்த இவ்விசையின் பெரும்பகுதி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிறு நிலக்கிழார் குடும்பங்களைச் சேர்ந்த பொழுதுபோக்குப் பாடலாசிரியர்களால் இயற்றப்பட்டது. லிஸ்ட் 1859இல் வெளியிட்ட நூலில் இதை ரோமா மக்களின் சொந்த இசை என்றே கருதி எழுதியிருந்தார். உழவர் பாடும் பாடல் என்று தனியாக ஒன்று உண்டு என்பதையே படித்தவர்களில் பலர் எண்ணிப் பார்க்கவில்லை.

1904ஆம் ஆண்டுக் கோடையில், ஒரு நாட்டுப்புற விடுதியில் தங்கிப் பியானோ பயின்றுகொண்டிருந்த பார்டோக், அன்றைய ஹங்கேரியின் கிழக்குப் பகுதியான டிரான்சில்வேனியாவிலிருந்து பணிக்கு வந்திருந்த லிடி டோஷா என்னும் இளம்பெண் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும்போது பாடிய பாட்டைக் கேட்டு, அது தாம் அறிந்த எவ்வகை இசையிலும் அடங்காததைக் கண்டு, அவளைப் பாடச்சொல்லி எழுதிக்கொண்டார். தற்செயலாக வாய்த்த இந்த வியப்பை முறையான ஆய்வாக மாற்றியவர், மறு ஆண்டில் அறிமுகமான ஸோல்தான் கோடாய். இசையமைப்பாளராகவும் மொழியறிஞராகவும் விளங்கி, ஹங்கேரிய நாட்டுப்பாடலின் யாப்பமைப்பை ஆராய்ந்து 1906இல் முனைவர் பட்டம் பெற்ற கோடாயிடமிருந்தே, பாடல் சேகரிப்பது ஒரு துறை என்பதையும் அதற்கென ஒழுங்குகள் உண்டு என்பதையும் பார்டோக் கற்றார். அவ்வாண்டின் இறுதியில் இருவரும் பியானோ துணையோடு பாடத்தக்க இருபது நாட்டுப்பாடல்களை நூலாக வெளியிட்டபோது, நாட்டுப்பற்று பொங்கிய புடாபெஸ்ட் நகரம் அதை வாங்க முன்வரவில்லை. அந்த முதற்பதிப்புப் பல ஆண்டுகள் விற்காமல் கிடந்தது.

சேகரிப்பின் கருவி, எடிசன் கண்டறிந்த போனோகிராஃப். கூம்பு வடிவக் குழாயின் முன் பாடும்போது எழும் ஒலியதிர்வை ஓர் ஊசி சுழலும் மெழுகு உருளையில் கோடாகக் கீறிவைக்க, அதே கீறலின் மீது மீண்டும் ஊசியை ஓட்டினால் பாட்டு ஒலிக்கும். ஓர் உருளையில் சில நிமிடங்களே அடங்கும். கேட்கக் கேட்க மெழுகு தேய்ந்து ஒலியும் மங்கும். உருளைகளைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டியிருந்ததால், பெரும்பாலும் பாட்டின் தொடக்கமே பதிவாயிற்று, எஞ்சியது கையால் எழுதப்பட்டது. பார்டோக் இக்கருவியைச் சுமந்துகொண்டு, விடுமுறைக் காலங்களில் சேறும் பனியும் நிறைந்த பாதைகளைக் கடந்து, தொலைவிலுள்ள ஊர்களை நாடிச் சென்றார். நகரத்துப் பாட்டு இன்னும் எட்டாத ஊர்களில் பிறந்து, வெளியூர் வாழ்வு அறியாத முதிய பெண்களே பழம்பாடல்களை நினைவில் வைத்திருந்தனர். ஆனால் நகரத்துக் கனவான் தங்களைக் கேலிசெய்ய வந்திருக்கிறார் என்ற ஐயமும், இந்த வயதில் ஆடவர் முன் பாடுவது முறையன்று என்ற கூச்சமும் அவர்களைத் தடுத்தன. பாடுவதற்கு இசைய வைக்கவே பல மணிநேரம் ஆகும். இசைந்தபின்னும் அவர்கள் பாடத் தொடங்குவது பெரும்பாலும் தேவாலயப் பாட்டாகவோ பள்ளியில் கற்ற பாட்டாகவோ இருக்கும். இவ்வளவும் பொறுத்திருந்து பெற்ற ஒவ்வொரு பாட்டோடும் பாடியவரின் பெயர், வயது, ஊர், பதிவுசெய்த காலம் ஆகியவற்றையும் அவர் குறித்துவைத்தார்.

இதனினும் கடினமானது, பதிவைக் கேட்டு எழுதும் வேலை. பாடகி ஒரு சுரத்துக்கு முன் தொட்டுச்சென்ற நுண்சுரம், வழக்கத்தைவிட இம்மியளவு தாழ்ந்து ஒலித்த இடம், சீர்களுக்கு இடையே நீண்ட மூச்சு என எதையும் விடாமல் ஐரோப்பிய ஐங்கோட்டு முறையில் எழுதவேண்டும் என்பது பார்டோக்கின் விதி. இளமையில் எழுதியவை போதிய நுட்பமற்றவை என்று கருதிய அவர், 1930களில் அதே உருளைகளை மறுபடியும் கேட்டு, அவற்றைத் திருத்தி எழுதினார். நாட்டுப்பாடலை ஆராய்பவர் இசைவாணராக இருப்பதோடு, மொழியறிவும் ஒலியியலும் நடன அறிவும் சமூகவியலும் வரலாறும் கைவரப்பெற்றிருக்க வேண்டும் என்று பட்டியலிட்ட அவரே, அத்தகைய ஒருவர் இதுவரை பிறக்கவில்லை, இனிப் பிறப்பதும் ஐயமே என்று 1936இல் வெளியான கட்டுரையொன்றில் ஒப்புக்கொண்டார். ஒரு துறைக்குள் மட்டும் நின்று பட்டம் பெற்றோர் இதை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது.

1907ஆம் ஆண்டுக் கோடையில், டிரான்சில்வேனியாவில் செக்கெய் என்னும் ஹங்கேரிய மக்கட்பிரிவினர் வாழும் சீக் வட்டாரத்தில் அவர் சேகரித்த பழம்பாடல்கள், அவருடைய இசை வாழ்வையே திருப்பிவிட்டன. ஐரோப்பியச் செவ்விசை அந்நாளில் இரண்டு சுரவரிசைகளையே பெரிதும் சார்ந்திருந்தது: சங்கராபரணத்தின் சுரங்களை ஒத்த மேஜர், நடபைரவியின் சுரங்களை ஒத்த மைனர். சீக் பாடல்களோ ஐந்தே சுரங்களில் அமைந்தவை. ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், ப, கைசிகி நிஷாதம் என்று அவற்றைத் தமிழ்நாட்டுச் செவிக்கு உணர்த்தலாம். அதாவது சுத்த தன்யாசியின் சுரங்கள். கமகமும் நடையும் முற்றிலும் வேறு என்றாலும், படிகள் அவையே. மெட்டு உச்சத்தில் தொடங்கிப் படிப்படியாக இறங்குவதும், சில பாடல்களில் முதல் இரண்டடிகளின் மெட்டு அடுத்த இரண்டடிகளில் ஐந்து சுரப்படி தாழ்ந்து மீண்டும் ஒலிப்பதும் இப்பழம்பாணியின் அடையாளங்கள். இதன் விளைவு அவருடைய படைப்பில் உடனே தெரிந்தது. ஐரோப்பிய இசையிலக்கணத்தில், ஏழாவது சுரம் ஆதார சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும்போது அது அமைதியற்ற ஒலி, வேறொன்றில் சென்று அடங்கவேண்டியது என்பது விதி. உழவரின் மெட்டில் அந்தச் சுரம் மூன்றாவதற்கும் ஐந்தாவதற்கும் நிகரான மதிப்போடு நிற்பதைக் கேட்ட பார்டோக், மெட்டில் இணக்கமாக ஒலிப்பவை சேர்ந்து ஒலிக்கும்போதும் இணக்கமானவையாகவே இருக்கலாம் என்று முடிவுசெய்து, அதன்படியே இசையமைத்தார். ஐரோப்பாவின் புத்திசைக்கான வழிகளுள் ஒன்று, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமாரின் நாவிலிருந்து பிறந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

இதுவரையிலான கதை ஓர் இனப்பற்றாளரின் வெற்றிக்கதையாகவே முடிந்திருக்கலாம். பழமையான, தூய ஹங்கேரிய இசை கிடைத்துவிட்டது என்று முழங்கி அவர் நின்றிருக்கலாம். அவ்வாறு நிற்கவிடாதது ஆய்வின் தருக்கமே. ஒரு பாட்டு ஹங்கேரியருக்கே உரியது என்று சொல்ல வேண்டுமானால், அது அயலாரிடம் இல்லை என்பது முதலில் தெரியவேண்டும். அது தெரியவேண்டுமானால், அயலாரின் பாடல்களையும் அதே அளவு கவனத்தோடு கேட்கவேண்டும். ஆகவே 1906 முதல் ஸ்லோவாக்கியப் பாடல்களையும், அடுத்த சில ஆண்டுகளில் ருமேனியப் பாடல்களையும் அவர் சேகரிக்கத் தொடங்கினார். அதற்காகவே அவ்விரு மொழிகளையும் கற்றார். ஸ்லோவாக்கியர் பாட்டில் பிரதி மத்திமம் பயிலும் சுரவரிசைகளையும், ருமேனிய மலையூர்களில் ஹங்கேரியச் சமவெளியில் கேட்டிராத தாளக்கட்டுகளையும் கண்டார். ஒப்பிடுவதற்காகத் தொடங்கிய வேலை, அதனளவிலேயே காதலாக மாறியது. முடிவில், பார்டோக் தாமே சேகரித்தவற்றில் ஹங்கேரியப் பாடல்கள் ஏறத்தாழ 2,700. ஸ்லோவாக்கியப் பாடல்கள் 3,000க்கும் மேல். ருமேனியப் பாடல்கள் ஏறத்தாழ 3,500. தன் இனத்தின் இசையைத் தேடிப் புறப்பட்டவர் எல்லாவற்றிலும் அதிகமாகத் திரட்டியது பிற இனத்தவரின் இசையை என்பதே அவருடைய வாழ்வின் திருப்பத்தைக் காட்டப் போதுமானது.

ஒப்பீட்டுக்கு அவர் கையாண்ட முறை, ஃபின்லாந்து அறிஞர் இல்மாரி குரோன் வகுத்த முறையைத் தழுவியது. எந்தச் சுருதியில் பாடப்பட்டிருந்தாலும், ஒவ்வொரு மெட்டும் ஒரே சுரத்தில் முடியுமாறு மாற்றி எழுதப்படும். பின்னர் ஒவ்வோர் அடியும் எந்தச் சுரத்தில் முடிகிறது, எத்தனை அசைகளைக் கொண்டது, மெட்டின் எல்லை எவ்வளவு என்பவற்றைக் கொண்டு மெட்டுகள் வகைப்படுத்தப்படும். இப்படி அடுக்கிப் பார்த்தபோது, ஒரு மொழியில் ஒப்பாரியாக இருக்கும் மெட்டு இன்னொரு மொழியில் வேறொரு சடங்குக்குப் பயன்படுவதுபோன்ற உறவுகள் வெளிப்பட்டன. இவற்றுள் அவரை மிகவும் வியப்பில் ஆழ்த்தியது, ருமேனியரின் ஹோரா லுங்கா என்னும் நெடும்பாட்டு. தாளக்கட்டின்றி, இரண்டு மூன்று இசைத்தொடர்களைப் பாடுவோர் தம் விருப்பப்படி விரித்தும் அணிசெய்தும் பாடும் இவ்வகையை வடக்கு டிரான்சில்வேனியாவின் மராமுரெஷ் பகுதியில் கண்டபோது, அது அவ்வட்டாரத்துக்கே உரிய தனிச்செல்வம் என்று அவர் கருதினார். பின்னர் உக்ரைன், அரபு, பாரசீக இசைகளிலும் அதன் உறவுகள் தென்படத் தொடங்க, அந்தக் கருத்தைக் கைவிட்டார். 1913இல் போனோகிராஃபுடன் அல்ஜீரியாவின் பிஸ்க்ரா பகுதிக்குச் சென்று அரபு உழவர்களின் இசையைப் பதிவுசெய்ததும் இந்தத் தேடலின் பகுதியே. பாலைவெப்பமும் உடல்நலக்குறைவும் அப்பயணத்தை முன்னதாகவே முடித்துவிட்டன.

முதல் உலகப்போர் சேகரிப்பைச் சுருக்கியது. அதன் முடிவில், 1920இல் கையெழுத்தான டிரியனான் ஒப்பந்தம் ஹங்கேரியின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை அயல்நாடுகளுக்கு அளித்தது. பார்டோக் பிறந்த ஊரும் வளர்ந்த ஊர்களும் பாடல் திரட்டிய ஊர்களில் பெரும்பாலானவையும் எல்லைக்கு அப்பால் சென்றன. இழப்பின் கசப்பில் நாடு மூழ்கியிருந்த அவ்வாண்டில், ஹுனெதோவாரா பகுதி ருமேனியரின் இசை வழக்கைப் பற்றி அவர் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையைக் காட்டி, அவர் நாட்டுப்பற்றற்றவர் என்று புடாபெஸ்ட் பத்திரிகைகளில் தாக்கினார்கள். பின்னர் 1936இல், அவருடைய ஆய்வு ஹங்கேரியரின் நலனுக்காகத் திரிக்கப்பட்டது என்று ஒரு ருமேனிய அறிஞர் குற்றஞ்சாட்டினார். இரு தரப்பாலும் குற்றஞ்சாட்டப்பட்ட ஆய்வாளர் நேர்மையானவராகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவுசெய்துவிட முடியாது. ஆனால் பார்டோக்கைப் பொறுத்தவரை அது உண்மையாக இருந்தது. நாட்டுப்பாடல் ஆய்வும் தேசியவாதமும் என்னும் பொருள்பற்றி 1937இல் எழுதிய கட்டுரையில், பற்று யாருக்கும் இருக்கலாம், ஆனால் தரவுகளை ஒப்பிடும் நேரத்தில் ஆய்வாளர் தம் இனவுணர்வை இயன்றவரை ஒதுக்கிவைக்க வேண்டும் என்ற கருத்தை அவர் முன்வைத்தார். அந்த ‘இயன்றவரை’யில் இருக்கும் அடக்கமே அவரை நம்பத் தூண்டுகிறது.

அவருடைய நோக்கில் நிகழ்ந்த மாற்றம் இசையாகவே வெளிப்பட்டது 1923இல். புடா, பெஸ்ட், ஓபுடா என்னும் மூன்று நகரங்கள் ஒன்றிணைந்ததன் ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்காக நகராட்சி அவரிடம் ஒரு படைப்பைக் கேட்டது. பிளவுண்ட ஒரு நாட்டின் தலைநகரம், தன் பெருமையைக் கொண்டாடும் விழாவில் எதிர்பார்த்தது வீரமுழக்கமாக இருந்திருக்கும். பார்டோக் அளித்த நடனத் தொகுப்பிலோ அரபுப் பாணி மெட்டும் ருமேனியப் பாணி மெட்டும் ஹங்கேரியப் பாணி மெட்டும் அடுத்தடுத்து வருகின்றன. எதுவும் திரட்டிய பாட்டின் நேர்ப்படி அன்று. எல்லாமே அவ்வப்பாணியில் அவர் தாமே புனைந்தவை. நடனங்களை இணைக்கும் பல்லவி போன்ற பகுதி மட்டும் ஹங்கேரியச் சாயலில் அமைந்து, மென்மையாக மீண்டும் மீண்டும் வருகிறது. இறுதி நடனத்தில் முன்வந்த மெட்டுகள் ஒன்றுகூடுகின்றன. எல்லைக் காவல் இறுகிக்கொண்டிருந்த நாளில், அயலாரை இப்படி ஒரே மேடைக்கு அழைத்ததைவிடத் துணிவான அரசியல் செயல் அவருடைய இசையில் இல்லை என்றே தோன்றுகிறது.

1930இல் இயற்றிய கந்தாட்டா புரொஃபானா என்னும் குழுப்பாடல் படைப்புக்கு அவர் எடுத்துக்கொண்ட கதை, ருமேனியரின் கொலிந்தா என்னும் மார்கழிக்காலச் சடங்குப் பாடல்களில் உள்ளது: வேட்டைக்குச் சென்ற ஒன்பது மகன்கள் கலைமான்களாக மாறி, தேடிவந்த தந்தை அழைத்தும் வீடு திரும்ப மறுக்கிறார்கள். அக்கதையைப் பார்டோக் தாமே ஹங்கேரிய மொழியில் ஆக்கினார். 1931 ஜனவரியில் ருமேனிய அறிஞர் ஒக்டாவியன் பெயுவுக்கு எழுதிய கடிதத்தில், போர்களும் பூசல்களும் இருந்தபோதிலும் மக்களினங்கள் உடன்பிறப்புகளாக வேண்டும் என்பதே தம்மை இயக்கும் கருத்து என்றும், ஊற்று தூய்மையானதாக இருப்பின் அது ஸ்லோவாக்கியமா, ருமேனியமா, அரபா என்று தாம் பார்ப்பதில்லை என்றும் அவர் குறிப்பிட்டார்.

‘தூய ஊற்று’ என்ற அந்தக் கருத்தில்தான் பார்டோக்கின் குறையும் இருக்கிறது. உழவர் இசையைத் தலைமேல் வைத்துப் போற்றிய அவர், நகரத்து மெல்லிசையையும் அதை வாசித்த ரோமா கலைஞர்களின் பாணியையும் கலப்படம் என்று தள்ளினார். பாடலையும் வயலின் மரபையும் பல இனங்களுக்கிடையே சுமந்து சென்றவர்களே அந்தக் கலைஞர்கள் என்பதற்கு உரிய மதிப்பை அவர் எழுத்தில் காண்பது அரிது. ரயிலும் தொழிற்சாலையும் தொடாத சிற்றூர் என்ற அவருடைய கனவும் ஒருவகை நகரத்துக் கனவே. கலப்பின் பெருமையை அறிவால் கண்டவர், உணர்வால் தூய்மையை நேசித்தார் என்று சொல்லலாம்.

அந்த அறிவு முதிர்வதற்கு உதவியது துருக்கிப் பயணம். 1936 நவம்பரில், துருக்கிய இசையமைப்பாளர் அஹ்மத் அத்னான் சாய்குனைத் துணையாகக் கொண்டு, தெற்கே அதனா, ஒஸ்மானியே பகுதிகளில் யூருக் என்னும் நாடோடி மக்களின் பாடல்களைப் பதிவுசெய்தார். ஒஸ்மானியே அருகே ஒரு முதியவர் தொடங்கிய பாட்டு, தாம் முன்னரே அறிந்த ஒரு பழைய ஹங்கேரிய மெட்டின் திரிபாகவே ஒலித்ததைக் கேட்டுத் தம் செவிகளையே நம்ப முடியாமல் திகைத்ததாக அவர் பதிவுசெய்துள்ளார். ஹங்கேரியரின் தனியுரிமை என்று 1907இல் கருதத்தக்கதாக இருந்த இறங்குமெட்டு, பல நூறு மைல்களுக்கு அப்பால் ஆடுமேய்ப்போர் நாவில் உயிரோடு இருந்தது.

1938இல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவை விழுங்கியபின், வியன்னாவிலிருந்த அவருடைய பதிப்பகமும் காப்புரிமைச் சங்கமும் நாஜிகளின் கைக்குச் சென்று, இசையமைப்பாளர்களின் மூதாதையர் ஆரியர்தாமா என்று கேட்கும் படிவம் பார்டோக்குக்கும் கோடாய்க்கும் வந்தது. இருவரும் அதை நிரப்ப மறுத்தனர். ஹங்கேரியர் ஃபின்-உக்ரியக் குடும்பத்தினர், ஒருவேளை வடதுருக்கியரின் வழியினராகவும் இருக்கலாம், ஆதலால் ஆரியர் அல்லர் என்று விடையெழுதத் தோன்றுவதாக ஒரு தோழிக்கு எழுதிய கடிதத்தில் அவர் எள்ளினார்; பாடல் சேகரித்து அறிந்த அறிவு அங்கே நகைச்சுவைக்கும் உதவிற்று. அவ்வாண்டு ஹங்கேரியில் கொண்டுவரப்பட்ட யூத எதிர்ப்புச் சட்டத்தைக் கண்டித்து எழுந்த அறிக்கையில் கையெழுத்திட்டார். 1939 டிசம்பரில் தாய் இறந்தபின், அவரை நாட்டில் நிறுத்திவைக்க எதுவும் இல்லை. 1940 அக்டோபரில் மனைவி தித்தாவுடன் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். புறப்படும் முன் எழுதிய உயிலில், புடாபெஸ்ட்டில் ஹிட்லர், முசோலினி பெயர்களைத் தாங்கிய சதுக்கங்கள் இருக்கும்வரை, ஹங்கேரியில் எந்தத் தெருவுக்கும் சதுக்கத்துக்கும் தம் பெயரைச் சூட்டலாகாது என்று விதித்தார்.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் அவ்வாண்டு நவம்பரில் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. அங்கே அவருக்குக் கிடைத்த பணி, அமெரிக்க அறிஞர் மில்மன் பேரி யூகோஸ்லாவியாவில் பதிவுசெய்திருந்த பாடல்களைக் கேட்டு எழுதுவது. அவற்றுள் 75 பாடல்களை அவர் எழுதி முடித்தார். 1942இல் ‘இசையில் இனத்தூய்மை’ என்னும் பொருளில் அவர் வெளியிட்ட சிறு கட்டுரை, ஏறத்தாழ நாற்பதாண்டு உழைப்பின் முடிவாகக் கருதத்தக்கது. ஹங்கேரிய மெட்டு ஒன்று ஸ்லோவாக்கியர் நாவுக்குச் செல்லும்போது அம்மொழியின் அழுத்தத்துக்கும் நடைக்கும் ஏற்ப உருமாறுகிறது; அவ்வாறு மாறியது மீண்டும் ஹங்கேரியரிடம் வந்து இன்னொரு முறை மாறுகிறது; கிழக்கு ஐரோப்பிய நாட்டுப்பாடலின் வளத்துக்குக் காரணம் இந்த இடையறாப் போக்குவரத்தே; சீனப் பெருஞ்சுவர் போல் எல்லையை அடைத்தால் எஞ்சுவது தேக்கமே என்பது அதன் சாரம். உலகின் பெரும்பகுதி இனத்தூய்மையின் பெயரால் எரிந்துகொண்டிருந்தபோது, அதற்கு மறுப்பாக அவர் நீட்டியது மெட்டுகளின் அட்டவணையை. வெறும் நல்லெண்ணத்தை எதிராளி எள்ளி ஒதுக்கலாம். பல்லாயிரம் மெட்டுகளின் சான்றை அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியாது.

இரத்தப் புற்றுநோய் அவரைத் தளர்த்திய நாளில், 1943இல், இசைக்குழு நடத்துநர் செர்கே கூசெவிட்ஸ்கி மருத்துவமனைக்கு வந்து கேட்டுக்கொண்டதன் பேரில் எழுதிய இசைக்குழுவுக்கான கான்செர்ட்டோ, 1944 டிசம்பர் 1 அன்று பாஸ்டனில் அரங்கேறியது. இன்று அவருடைய படைப்புகளில் மிகுதியாக வாசிக்கப்படுவது அதுவே. 1945 செப்டம்பர் 26 அன்று நியூயார்க்கில் அவர் இறந்தார். அமெரிக்காவில் அவர் சீர்செய்து முடித்த ருமேனிய நாட்டுப்பாடல் தொகுப்புக்கு அவர் வாழ்நாளில் பதிப்பாளர் கிடைக்கவில்லை. ஐந்து தொகுதிகளாக அது வெளிவரத் தொடங்கியது 1967இல்.

இன்று பட்டம் பெற்றுச் செல்வோரில் சிலர் ஆய்வுக்குச் செல்வர். சிலர் ஆசிரியராகவும் வழக்கறிஞராகவும் மருத்துவராகவும் அலுவலராகவும் பணியாற்றுவர். தன் ஊர், தன் மொழி, தன் மரபு ஆகியவற்றின் பெருமையை நாட்டவேண்டும் என்ற ஆர்வம் பலருக்கும் இருக்கும். அதில் குற்றமில்லை, பார்டோக்கும் அங்கேதான் தொடங்கினார். அந்த ஆர்வத்தோடு அயலாரின் மொழியைக் கற்கும் உழைப்பும், பாடியவரின் பெயரையும் ஊரையும் குறித்துவைக்கும் நேர்மையும், சான்று எதிராக வரும்போது சொன்னதை மாற்றிக்கொள்ளும் துணிவும் சேருமா என்பதைப் பட்டச்சான்றிதழ் சொல்வதில்லை.

பார்டோக்கின் இசையைக் கேட்டறியாதோர் ருமேனிய நாட்டுப்புற நடனங்கள் என்னும் சிறு படைப்பிலிருந்து தொடங்கலாம். முழுதும் கேட்க ஆறு நிமிடங்களுக்குமேல் ஆகாது. 1915இல் பியானோவுக்காக அவர் அமைத்த இந்நடனங்களின் மெட்டுகள் டிரான்சில்வேனியச் சிற்றூர்க் கலைஞர்கள் வாசித்தவை. முதலில் ‘ஹங்கேரியைச் சேர்ந்த ருமேனிய நாட்டுப்புற நடனங்கள்’ என்றிருந்த தலைப்பிலிருந்து, அவ்வூர்கள் ருமேனியாவுக்குச் சென்றபின், நாட்டின் பெயரை அவர் நீக்கினார். அவர் திரட்டிய பாடல்களின் மெழுகு உருளைப் பதிவுகள் பல பாதுகாக்கப்பட்டு, ஒலித்தட்டுகளாகவும் வெளிவந்துள்ளன. முதலில் அந்தச் சிற்றூர்க் கலைஞர்களின் பதிவையும், அதன்பின் பார்டோக்கின் அமைப்பையும் கேட்குமாறு பட்டம் பெறுவோர் அனைவரையும் இவ்வுரை கேட்டுக்கொள்கிறது.